மூன்றாம் நாள்

நாலு இரவு, ஐந்து பகல். ஒரு நாட்டைப் பார்த்து முடிக்க அவ்வளவு போதுமாம். அபி சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, ரசம் சிந்திய ஈரம் காயாத இடத்திலேயே ஒரு நோட்டை விரித்து ஐந்து கட்டம் போட்டிருக்கிறாள். முதல் கட்டத்தில் கொழும்பு. இரண்டாவதில் சிகிரியா, சாயங்காலம் கண்டி. நான்காவதில் காலிக் கோட்டை. ஐந்தாவதில் மறுபடி கொழும்பு, கடைவீதி, விமானம். மூன்றாவது கட்டத்தில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. பேனாவின் பின்பக்கத்தால் அந்தக் கட்டத்தைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள், எனக்கு நெஞ்சுக்குள் தட்டுகிற மாதிரி இருக்கிறது. தை மாதம் அவளுக்குக் கல்யாணம், மாசியில் மாப்பிள்ளையோடு ஜெர்மனி. "அதுக்கு முன்னாடி நாம மூணு பேரு மட்டும் ஒரு ட்ரிப் போலாம்ப்பா, அதுவும் நீங்க பொறந்த நாட்டுக்கு" என்று போன வாரம் சொன்னபோது சாந்தாமணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நல்ல அப்பனாக இருந்தால் நானும் துடைத்திருப்பேன். அங்கே இப்போது மழைக்காலம் என்று சொன்னேன். அபி உடனே செல்போனில் பார்த்து, இல்லையே, வெயில்தானே என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் வானத்தைப் பற்றிக்கூடப் பொய் சொல்ல முடியவில்லை. எனக்கு அங்கே ஒரு அக்கா இருந்தாள். இருக்கிறாள். இரண்டில் எது சரியென்று அறுபத்து நாலு வயதில் எனக்குத் தெரியாது. பெயர் பழனியாயி. இந்த வீட்டில் என்னைத் தவிர அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பெண் பார்க்கப் போன அன்றைக்கு, கூடப் பொறந்தவங்க யாரு மாப்ள என்று சாந்தாமணியின் அப்பா கேட்க, நான் ஒரே பையனுங்க என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மா பஜ்ஜியைப் பிட்டபடி தலையைக் குனிந்துகொண்டாள். முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. இப்போது மூன்றாவது கட்டத்தில் அபி மலைநாட்டை எழுதினால், பழனியாயி இருக்கிற அல்லது இருந்த இடத்துக்கு ஒன்பது மைல் பக்கத்தில் போய் நிற்பேன். எழுதாவிட்டால் தப்பித்தேன்.

"இதப் பாருங்கப்பா" என்று திரையை என் பக்கம் திருப்புகிறாள். பச்சை. கண்ணைக் கூசுகிற பச்சை. வெள்ளைக்காரி ஒருத்திக்குச் சேலை கட்டிவிட்டு, முதுகில் கூடை கொடுத்துத் தேயிலைச் செடிக்கு நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள். கூடைக் கயிறு தலையில் இருக்க வேண்டும், அவள் தோளில் மாட்டிக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறாள். கொழுந்து பறிக்கும் அனுபவம், ஒரு மணி நேரம், சேலையும் கூடையும் தரப்படும். என் அம்மாவுக்கும் தந்தார்கள். அவளுக்கு ஒரு மணி நேரம் என்று யாரும் சொல்லவில்லை. பதினோரு வயதில் கயிற்றைத் தலையில் போட்டவளுக்கு உச்சியில் ஒரு பள்ளம் விழுந்து, அந்த இடத்தில் சாகிற வரைக்கும் முடி முளைக்கவில்லை. கோயம்புத்தூருக்கு வந்த பிறகும் வெளியே கிளம்பினால் முக்காடு போட்டுக்கொள்வாள், எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் நீங்க சாயபு வீடா என்று கேட்டாள். அபி விரலால் தள்ளத் தள்ளப் படங்கள் ஓடுகின்றன. அருவி, மூடுபனி, நீல நிற ரயிலில் கதவைப் பிடித்துத் தொங்குகிற ஜோடி. அப்புறம் ஒரு லயம். லயமேதான், தகரக் கூரை, வரிசையாகக் கதவுகள், ஆனால் மஞ்சள் பெயின்ட் அடித்து வாசலில் பூந்தொட்டி. பழைய காலத் தொழிலாளர் வாழ்வை ஓர் இரவு உணருங்கள் என்று போட்டிருப்பதாக அபி படித்துச் சொல்கிறாள். "க்யூட்டா இருக்குல்ல?" க்யூட்டாகத்தான் இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில் அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, பழனியாயி, நான், ஆறு பேரும் வருஷக்கணக்கில் உணர்ந்தோம். பக்கத்துக் காம்பராவில் யாராவது இருமினால் எங்கள் அடுப்புச் சாம்பல் பறக்கும். மழை பெய்தால் அட்டை காலில் ஏறும், பழனியாயி உப்பும் புகையிலையும் கட்டின துணியால் என் விரல் இடுக்கெல்லாம் தேய்த்துவிடுவாள். தேய்த்துக்கொண்டே ஏதாவது கேட்பாள். பள்ளிக்கூடத்தில் இன்றைக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள், ஒன்பது எட்டு எவ்வளவு, இந்தியா எந்தப் பக்கம் இருக்கிறது என்று. ஒன்பது எட்டு எழுபத்திரண்டு என்பேன். இந்தியாவுக்கு ஏதோ ஒரு மலையைக் காட்டுவேன்.

வயசு. எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து முட்டுகிறது. தோட்டத்தில் சின்ன ஆளுக்கு அரைப்பேர் போடுவார்கள், நாள் முழுக்க நிமிராமல் பறித்தாலும் பாதி நாள் வேலை என்றுதான் செக்ரோல் பதிவேட்டில் ஏறும். பதினெட்டு வயது ஆனால் முழுப்பேர். பழனியாயிக்குப் பதிமூன்று முடிந்ததும் அப்பா ஒரு சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கணக்கப்பிள்ளை வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது பழனியாயிக்கு மூன்று வயது கூடியிருந்தது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை, எங்கள் லயத்தில் பாதிப் பெண் பிள்ளைகளுக்கு இரண்டு வயசு உண்டு, அம்மா வயிற்றில் பிறந்தது ஒன்று, செக்ரோலில் பிறந்தது ஒன்று. தொரை திடீரென்று யாரையாவது நிறுத்திக் கேட்டால் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று வீட்டில் எல்லாருக்கும் பாடம் நடக்கும். "காற்சட்டை போட்ட மனுசன் எவன் கேட்டாலும் செக்ரோல்ல உள்ள வயசத்தான் சொல்லோணும், வெளங்குதா?" என்று அம்மா ரொட்டி தட்டிக்கொண்டே என்னைக் கேட்பாள். விளங்குது என்பேன். "சொல்லு பாப்பம்." சொல்வேன். சரியாகச் சொன்னால் ரொட்டியில் கருகாத பக்கம் எனக்கு. இப்படியே எழுபதாம் வருஷம் வந்தது. இரண்டு சர்க்காரும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகிறவர்களிடம் மனு வாங்குகிறார்கள் என்று தோட்டமெல்லாம் பேச்சு, ஒரு மனுசன் காற்சட்டையும் கறுப்புப் பையுமாகப் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தான். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எழுத்துத் தெரிந்தவன் நான்தான், ஒன்பது வயது. பிள்ளைகள் எத்தனை என்றான். அப்பா ரெண்டுங்க என்றார். மூத்தவளுக்கு வயசு என்றான். அப்பாவுக்குக் காற்சட்டையைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், பேசாமல் என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, பதினெட்டு சார் என்றேன். அவளுக்குப் பதினைந்து. கெட்டிக்காரன் என்று அவன் என் கன்னத்தில் தட்டினான். தட்டிவிட்டு எங்கள் மனுவில் அவள் பெயரை எழுதாமலே அடுத்த வரிக்குப் போனான். பதினெட்டு ஆனவள் தனியாக மனுப் போட வேண்டும், தேதிக்குள் போட வேண்டும் என்று பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் சொன்னான். அப்பா, ஆமாங்க சார் என்றார். எதற்கும் ஆமாங்க சார் சொல்லிப் பழகின வாய். வெளியே வந்து, என்னடா சொன்னான் என்று என்னைத்தான் கேட்டார். எல்லாம் சரியாம்ப்பா என்றேன், கன்னத்தில் இன்னும் அந்தத் தட்டின சுகம் இருந்தது.

ஒன்பது வயசுப் பையன். அவனை யார் என்ன சொல்ல முடியும். இதை எனக்கே எத்தனை தடவை சொல்லிக்கொண்டிருப்பேன் என்று கணக்கே கிடையாது. பஸ்ஸில், குளிக்கும்போது, ஓய்வு பெறுகிற அன்றைக்கு மாலை போட்டு உட்கார வைத்து எவனோ புகழ்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது. சொல்லச் சொல்ல அந்தப் பையன்மேல் இரக்கம் வரும், எனக்கே கண் கலங்கும். கலங்கினால் கொஞ்சம் சுகமாக இருக்கும். அந்தச் சுகத்தில்தான் எனக்குச் சந்தேகம். பெரிய குற்றத்தை ஒளித்து வைக்கிறவன் சின்னக் குற்றத்தை வாசலில் எடுத்து வைப்பான், நானே ஆபீஸில் நாலு பேரைப் பார்த்திருக்கிறேன். "அப்பா, உங்க எஸ்டேட் பேரு என்ன? மேப்ல போட்டுப் பாக்கலாம்" என்கிறாள் அபி. பக்கத்தில் தரையில் காலை நீட்டி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிற சாந்தாமணி தலை நிமிர்கிறாள். கருக்காமலைத் தோட்டம், மேல் பிரிவு, ஏழாம் நம்பர் லயம். வாய்க்குள் அப்படியே இருக்கிறது. "அது இப்ப இல்லம்மா. எப்பவோ காடழிச்சு வேற என்னமோ பண்ணிட்டாங்க" என்கிறேன். "யாருப்பா சொன்னா?" "யாரோ சொன்னாங்க. நமக்கு அங்க யாரு இருக்கா." சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்து விரிக்கிறேன். காலையில் படித்த பேப்பர். சாந்தாமணி கீரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டே உருவுகிறாள், காம்பும் சேர்ந்து கிண்ணத்தில் விழுகிறது. இவள் கீரையில் காம்பு விடுகிறவள் இல்லை. அபி மறுபடி பேனாவால் தட்ட ஆரம்பிக்கிறாள்.

எழுபத்து நாலில் பாஸ்போர்ட் வந்தது. அப்பாவுக்கு, அம்மாவுக்கு, எனக்கு. பழனியாயிக்கு வரவில்லை. அப்பா தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக நின்றார். தனி மனு எங்கே என்று கேட்டார்கள். மனு போட்டால்தானே இருக்கும். நாள் குறித்து வந்துவிட்டது, அந்த நாளைக்குள் கிளம்பாவிட்டால் வேலையும் கிடையாது, காம்பராவும் கிடையாது. சித்தப்பா குடும்பத்துக்கு இன்னும் நாள் வரவில்லை, அவள் அவர்களோடு இருக்கட்டும், ஆறு மாதத்தில் அழைத்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். அட்டன் ஸ்டேஷனில் அவள் அழவில்லை. அந்த ரயிலுக்கு எங்கள் ஆட்கள் அழுகைக் கோச்சி என்றே பேர் வைத்திருந்தார்கள், பிளாட்பாரம் முழுக்க ஓலம், ஒருத்தி தண்டவாளத்தில் இறங்கிப் படுத்துவிட்டாள். பழனியாயி மட்டும் ரொட்டியும் சம்பலும் கட்டின பொட்டலத்தை ஜன்னல் வழியாக அம்மாவிடம் கொடுத்துவிட்டு, எத்தனை ரொட்டி இருக்கிறது, எது என்னுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "நீங்க போங்க, நா பின்னால வாறேன். தம்பி, அங்க போயி நல்லாப் படி." நான் என்ன சொன்னேன் என்று எத்தனை யோசித்தும் ஞாபகம் வரவில்லை. ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். எனக்கு ஜன்னல் சீட்டு கிடைத்திருந்தது, எதிரே ஒரு பையன் அதைப் பிடுங்கப் பார்த்தான், ரயில் நகர்ந்தபோது நான் அவனோடு முழங்கையால் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது ஸ்டேஷனே போய்விட்டது. தலைமன்னாரில் கப்பல். அம்மா வாந்தி எடுத்தாள், அப்பா எடுத்தார், கடல் முழுக்க யாருடைய வாந்தியோ மிதக்கிற மாதிரி ஒரு வாடை. அதிலிருந்து கடல் எனக்கு ஆகாது. ஆபீஸில் கன்னியாகுமரி டூர் போனபோதுகூட வயிற்று வலி என்று சொல்லிவிட்டு லாட்ஜிலேயே படுத்திருந்தேன்.

பிறகு மண்டபம் முகாம், பிறகு கோத்தகிரியில் சர்க்கார் தேயிலைத் தோட்டம். கடலைத் தாண்டி வந்து மறுபடி அதே கொழுந்து, அதே கூடை. அப்பா ஐந்து வருஷம் தாக்குப்பிடித்தார். நான் படித்தேன். அக்கா சொன்னாள் என்றா படித்தேன், கூடைக்குப் பயந்து படித்தேன். தபால் ஆபீஸில் வேலை கிடைத்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்கு இறங்கினேன். முப்பத்தெட்டு வருஷம் ஊரான் கடிதத்தையெல்லாம் பிரித்துப் பிரித்து அந்தந்தப் பைக்குள் போட்டவன் நான். அட்டனுக்கு இங்கிருந்து ஒரு கடிதம் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எழுதினதில்லை. இதோ, இதுதான் அந்தப் பெரிய குற்றம், எங்கே சுற்றினாலும் வயசில் வந்து முட்டுகிறது என்று சொன்னேனே, அது பொய், வயசில் முட்டி நின்றுகொண்டால் இதற்குள் நுழைய வேண்டாம், அவ்வளவுதான். எண்பத்திரண்டு ஆவணியில் அவள் கடிதம் வந்தது. நீலத் தாள், யாரோ பள்ளிக்கூடத்துப் பெண் எழுதிக் கொடுத்த குண்டு எழுத்து. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, படிடா என்றாள். படித்தேன். கல்யாணம் ஆகிவிட்டது, அவரும் தோட்டத்தில்தான் வேலை, இரண்டு பிள்ளைகள், இரண்டாவது பெண், அதற்கு அம்மா பெயரையே வைத்திருக்கிறேன். அடுத்த இரண்டு வரி. தம்பி சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பதால், இவர்கள் எங்கள் ஆட்கள், வந்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால், கண்டியில் இருக்கிற இந்தியா ஆபீஸில் காட்டி எங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாமாம், இப்போதே செய்தால் நல்லது, இங்கே காலம் சரியில்லை. அந்த இரண்டு வரியை நான் வாய்விட்டுப் படிக்கவில்லை. அதற்கடுத்த வரிக்குத் தாவினேன், அம்மாவின் முழங்கால் வலிக்கு வாதநாராயணி இலை வதக்கிக் கட்டவும் என்று அவள் எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தேன். "இங்க வர்றதப் பத்தி ஒண்ணும் எழுதலியா?" என்றாள் அம்மா. இல்லம்மா, எல்லாரும் சுகமாம் என்றேன். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. வேலை நிரந்தரம் ஆகவில்லை, போலீஸ் விசாரணைத் தாள் ஒன்று எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்தது, சிலோன்காரன் சிலோன்காரன் என்று ஆபீஸில் ஏற்கனவே ஒரு சிரிப்பு. ஒற்றை அறை. நாலு பேர் மூட்டை முடிச்சோடு வந்து நின்றால் என்ன செய்வது என்ற பயம். முதலில் பயம், பிறகு அடுத்த வாரம் எழுதலாம் என்ற சோம்பல், பிறகு இவ்வளவு நாள் எழுதாமல் இப்போது எப்படி எழுதுவது என்ற வெட்கம். தையில் இன்னொரு நீலத் தாள் வந்தது, அதை அம்மாவிடம் காட்டவே இல்லை, நானும் பிரிக்கவில்லை. கடிதத்தைக் கிழிக்கிற தபால்காரன் எந்த ஊரிலாவது உண்டா, நான் கிழித்தேன். அந்த வருஷம், எண்பத்து மூன்று ஆடியில், அங்கே கலவரம், தமிழர் வீடுகள் எரிந்தன. பேப்பரில் ஊர்ப் பெயர்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள், விரல் வைத்துப் பார்த்தேன், கருக்காமலை இல்லை. அப்பாடா என்று டீ குடிக்கப் போனேன். அதற்குப் பிறகு எந்தக் கடிதமும் வரவில்லை.

"சரி, முடிவு பண்ணலாம்" என்று அபி நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். "மூணாம் நாளுக்கு ரெண்டு சாய்ஸ். ஒண்ணு மிரிஸ்ஸ. பீச், மறுநாள் காலைல போட்ல போயி திமிங்கலம் பாக்கறது. இன்னொண்ணு மலை. ரெண்டும் முடியாது, வேற வேற திசை. என் ஓட்டு திமிங்கலத்துக்கு." சாந்தாமணி கீரைக் கிண்ணத்தை நகர்த்தி வைக்கிறாள். "மலைக்கே போலாம் கண்ணு. நுவரெலியால சீதை கோயில் இருக்குதாமா. நான் சாகறதுக்குள்ள அதைப் பாக்கோணும்." இவளுக்கு எப்போதிருந்து சீதை. "ஏம்மா, கோயில் இங்க இல்லாததா?" என்கிறாள் அபி. "அதான் சொல்றனல்ல, மலைக்குப் போலாம்" என்கிறாள் இவள், கொஞ்சம் அழுத்தமாக, என்னைப் பார்க்காமல். "அப்பன்னா ஒண்ணுக்கு ஒண்ணு. அப்பா, உங்க ஓட்டுதான். நீங்க சொல்றதப் போட்டுடறேன்." இருவரும் என்னைப் பார்க்கிறார்கள். மலை என்று இரண்டெழுத்துச் சொன்னால் போதும். சொன்னால் கண்டியிலிருந்து வளைந்து வளைந்து கார் ஏறும், நுவரெலியாவில் குளிரும், கோயிலைப் பார்த்துவிட்டு, டிரைவர் தம்பி இங்கே பக்கத்தில் ஒரு தோட்டம் என்று நான் ஆரம்பிக்க வேண்டும். மேல் பிரிவுக்கு ஏறுகிற பாதை எனக்குத் தெரியும். ஏழாம் நம்பர் லயத்தில் யாராவது எட்டிப் பார்த்து, அந்தம்மா செத்து இருபது வருசமாச்சே என்று சொன்னால் அழுதுவிட்டு இறங்கலாம். எல்லாரும் எரிந்தார்கள் என்று சொன்னால்கூட, சொல்லவே கூடாததை நினைக்கிறேன், அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன் போலிருக்கிறது. எழுபது வயதில் ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, வா தம்பி என்று சொன்னால் என்ன செய்வேன். திட்ட மாட்டாள். அவளுக்குத் திட்டத் தெரியாது. என் கடுதாசி கெடச்சிச்சா என்று மட்டும் கேட்பாள், சாந்தாமணியும் அபியும் பக்கத்தில் நிற்பார்கள், ஜெர்மனிக்குப் போகிற என் பெண்ணுக்கு முன்னால் நான் ஒரு பதில் சொல்ல வேண்டும். வியர்க்கிறது. ஃபேன் நாலாம் நம்பரில் சுற்றுகிறது, எனக்கு வியர்க்கிறது. "கடலுக்கே போலாம்" என்கிறேன். "திமிங்கலம் பாக்கோணும்னு எனக்கும் ரொம்ப நாளா ஆசை." அபி கையைத் தட்டுகிறாள். மூன்றாவது கட்டத்தில் மிரிஸ்ஸ என்று எழுதி அடியில் கோடு போடுகிறாள். சாந்தாமணி என்னை ஏறிட்டுப் பார்க்கிறாள், கோபமில்லை, கடைக்காரன் நிறுத்துக் காட்டின தராசைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை, பிறகு கையூன்றி எழுந்து டீ போடச் சமையலறைக்குப் போகிறாள்.

நிம்மதியாக இருக்கிறது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், இறுகிப் பிடித்திருந்த தோளெல்லாம் இறங்கி, பசிகூட எடுக்கிற மாதிரி இருக்கிறது. கோயிலுக்குப் போக முடியவில்லை என்று இவளுக்கு வருத்தம் இருக்கும், சமாதானமாக ஒரு வார்த்தை சொல்லிவிடலாம், கண்டியிலேயே நல்ல கோயில் இருக்கிறது என்று சொல்லலாம் என்று பின்னாலேயே போனேன். அடுப்பில் பால் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "கண்டில கூட ஒரு கோயில்..." என்று ஆரம்பித்தேன். "கோயிலு எனக்கெதுக்குங்க" என்றாள், திரும்பாமலே. "மருதமலைக்கே வருசத்துக்கு ஒருக்காத்தான் போறேன். உங்க அக்காளப் பாக்கத்தான் கேட்டேன்." பால் விளிம்பில் நுரை கட்ட ஆரம்பித்திருந்தது. யார் சொன்னது என்று நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள், ஹாலுக்குக் கேட்காத குரலில். "அத்தைதானுங்க சொன்னாங்க. படுக்கைல கெடந்தப்ப, நாந்தான துணி மாத்திவுட்டேன், அப்ப. கடுதாசி படிக்கறப்ப உங்க கண்ணு ரெண்டு வரியத் தாண்டிப் போச்சாமா. எனக்கு எழுத்துத் தெரியாது, எம் மவன் மொகம் தெரியாதான்னு சொல்லி அழுதாங்க. அவனா வாயத் தொறக்கற வரைக்கும் நீ கேக்காத சாமின்னாங்க. இருவது வருசமா நானும் கேக்கலீங்க. இன்னைக்காச்சும் வாயத் தொறப்பீங்கன்னு பாத்தேன்." அம்மாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு அதற்கப்புறம் இத்தனை வருஷம் என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டாள், ஆபீஸ் கிளம்பும்போது திருநீறு பூசிவிட்டாள், ஒருநாள்கூட முகம் மாறவில்லை. எங்கே பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் ஃப்ரிட்ஜின் மேல் கையை வைத்தேன்.

"இன்னும் ஒண்ணும் ஆயிடலைங்க" என்றாள் சாந்தாமணி. இப்போது திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். "அபி இன்னும் ரூம் போடல. எனக்குக் கடல்ல தலை சுத்துமின்னு நான் சொல்லிக்கறேன், அவ மாத்திப்போடுவா. எதுக்குன்னு அவளுக்குத் தெரியவே வேண்டாம். அங்க போயி நீங்க ஒண்ணும் பேசவும் வேண்டாம், நான் பேசிக்கறேன். சரின்னு தலைய மட்டும் ஆட்டுங்க, போதும்." இதைவிடச் சுலபமாக ஒரு மனிதனுக்கு யாரும் வழிவிட முடியாது. பேச வேண்டாம், சொல்ல வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். அவசரம் இல்லை, மிரட்டல் இல்லை, எந்த ஆபீஸும் என்னிடம் தாள் கேட்கவில்லை, வேலையிலிருந்து நல்லபடியாக ஓய்வும் பெற்றாகிவிட்டது. நான் தலையை ஆட்டப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். ஆட்டப்போகிற அந்த மனிதனை எனக்குப் பிடித்துக்கூட இருந்தது. அப்போது ஹாலிலிருந்து அபி, "அப்பா, மிரிஸ்ஸல கடலப் பாத்த ரூம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. போட்டுடட்டுமா?" என்று கேட்டாள். சாந்தாமணி அடுப்பை அணைத்தாள். அவள் கண் என் முகத்தைவிட்டு நகரவில்லை.

"போட்டுடும்மா" என்றேன். எப்போதும் பேசுகிற குரல்தான், பக்கத்து அறைக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாகவே வந்தது. சரிப்பா என்று பதில் வந்தது, அப்புறம் விசைப்பலகைச் சத்தம். சாந்தாமணி சர்க்கரை டப்பாவைத் திறந்தாள், மூடினாள், டீயை வடிகட்டி மூன்று டம்ளரிலும் ஊற்றினாள். அபியுடையதை ஒரு கையிலும் தன்னுடையதை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி ஹாலுக்குப் போனாள். என்னுடையது மேடைமேல் இருந்தது.